பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஊர் இருப்பது தொடர்பாக

பெறுநர்: புதுச்சேரி சுற்றுலாத் துறை, கடற்கரைச் சாலை, புதுச்சேரி.

பொருள்: பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரி இருப்பதாக வரும் தகவலை உறுதிப்படுத்தவும், அங்கே இரவு தங்கலாமா எனத் தெளிவுபடுத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தங்கள் ஊருக்கு மூட்டை கட்டும் பொதுமக்கள் சார்பில் இந்த விண்ணப்பம். பாண்டியில் எங்கே ரூம் போடலாம் என்று யாரைக் கேட்டாலும் கடலோரத்துப் பழைய வெள்ளையர் பகுதியான ஒயிட் டவுன் என்ற ஒரே பதில்தான் வருகிறது. விளம்பரப் படங்களும் அதையே சொல்கின்றன: ஒரு மஞ்சள் சுவர், அதற்கு வெள்ளைக் கரை, மேலே வழியும் காகிதப்பூ, கீழே சாய்த்து வைத்த சைக்கிள். இந்த நான்கும் சேர்ந்தால் புதுச்சேரி என்று நாங்களும் ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். ஆனால் அண்மைக் காலமாகச் சிலர் ஒரு வதந்தியைக் கிளப்பி வருகிறார்கள். செஞ்சி சாலையை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறதாம். அதைத் தாண்டினால் அம்பூர் சாலையாம். அதற்கு அப்பாலும் வீதி வீதியாக வீடு, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், மார்க்கெட் எல்லாம் இருக்கின்றனவாம். போதாக்குறைக்கு அங்கே மக்கள் வேறு வசிக்கிறார்களாம். இது உண்மையானால், ஊரில் தங்க வந்த நாங்கள் இத்தனை நாளும் ஊருக்கு வெளியே தங்கியிருக்கிறோம் என்றாகிறது. ஆகவே தங்கள் மேலான விளக்கம் தேவைப்படுகிறது.

பழமையை ரசிக்க வருகிறவர் ஒயிட் டவுனில்தானே தங்க வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். இந்த இடத்தில் வதந்திக்காரர்கள் வரலாற்றுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாளிகைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு 1738இல் கட்டியது. அது நிற்பதோ வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட் பக்கத்தில். கீழே மரத்தூண் தாங்கும் முற்றம், மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்று பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை தன் இரண்டு உலகங்களையும் ஒரே வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். நூல் பிடித்தாற்போல ஓடும் வீதிகளைக் காட்டிப் பிரெஞ்சுக்காரர்களின் ஒழுங்கு என்று மெச்சுகிறோம். அந்தக் கட்டவரைபடத்தைப் போட்டவர்கள், 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். பிரெஞ்சுச் சின்னங்கள் என்று பட்டியலில் வரும் சம்பா கோயில் மிஷன் வீதியில் இருக்கிறது. இருதய ஆண்டவர் பசிலிக்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் மேற்கேதான். 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதியாரின் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில். பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். இத்தனை பேரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே குடியிருந்திருப்பதைப் பார்த்தால், வதந்திக்குப் பின்னால் நீண்ட காலச் சதி இருப்பதாகவே தோன்றுகிறது.

பழமை போகட்டும், பிரெஞ்சு வாழ்க்கையைப் பார்க்கத்தான் வருகிறோம் என்று எங்களில் பலர் சொல்வதுண்டு. அதற்கும் கிழக்குப் பக்கம் உத்தரவாதமில்லை. துணைத் தூதரகம், ஆய்வு நிறுவனம், லிசே பள்ளி எல்லாம் அங்கே இருப்பது உண்மை. ஆனால் விடுமுறை நாளில் துய்மா வீதியில் நடந்தால் காதில் விழுவது கோரமங்கலாவும் வேளச்சேரியும்தான். 1962 ஆகஸ்ட் 16இல் ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் அவர்கள் வாரிசுகளும் பெரும்பாலும் பச்சைத் தமிழர்கள். 1881 ஆணையின்படி பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் வழித்தோன்றல்களும் அப்படியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவரை ஊரார் சொல்தா என்பார்கள். காலையில் மார்க்கெட்டில் நெத்திலிக்குப் பேரம் பேசுவார், பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவார். உயிருள்ள பிரான்ஸ் என்று ஒன்று புதுவையில் இருந்தால் அது இவர்தான். அவர் மஞ்சள் சுவர் முன்னால் படத்துக்கு நிற்பதில்லை என்பதால் தங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

கடல் விஷயத்துக்கு வருவோம். அதற்காகத்தான் ஒயிட் டவுனில் கூடுதல் வாடகை கொடுக்கிறோம். கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் போட்டார்கள். வடக்கே வர வேண்டிய மணல் தெற்கிலேயே சிக்கிக்கொண்டது. ஊருக்கு எதிரே இருந்த மணற்பரப்பைக் கடல் வாரிக்கொண்டு போனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினோம். கல் விழுந்த இடத்தில் அரிப்பு நின்று, அதற்கு அடுத்த இடத்தில் ஆரம்பித்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், எல்லை தாண்டிப் பொம்மையார்பாளையம் என்று மீனவர் ஊர்கள் ஒவ்வொன்றாக அதற்கு விலை கொடுத்தன. 2018ஐ ஒட்டிக் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்துத் தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். இருந்தாலும் பீச் ரோட்டுக் கடல் பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கிற கடல்தான். உட்கார்ந்து பார்க்க நடந்து வந்தால் போதாதா? அங்கிருந்து வாய்க்கால் அரை கிலோமீட்டர் அளவுதான்; பழைய ஊரின் மேற்கு எல்லையான அண்ணா சாலையே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிக்கு அனுமதி இல்லை, எங்கே தங்கினாலும் கடைசியில் நடைதான்.

இதைவிடக் கிட்டத்தில் கடல் வேண்டும் என்பவர்கள் செரினிட்டி பீச்சில் ரூம் போட்டுவிட்டு, பாண்டியில் இருக்கிறேன் என்று ஊருக்குப் படம் அனுப்புகிறார்கள். அந்த இடம் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. ஆரோவில்லின் பெரும்பகுதியும் அந்த மாவட்டத்தில்தான். அண்டை மாநிலத்தின் கரையை ஒரு துப்பாக்கி வெடிக்காமல் தங்கள் பெயரில் சேர்த்துக்கொண்டதில், டூப்ளே இருந்தால் தங்களிடம் பாடம் கேட்டிருப்பார்.

தங்குவது என்ற சொல்லுக்கே பொருத்தமான இடம் எது என்று கேட்டால், கட்டடங்களே பதில் சொல்கின்றன. ஒயிட் டவுன் வீடு எப்படிப்பட்டது? வீதியை ஒட்டி ஆளுயரத்தைத் தாண்டிய மதில், பெரிய வாசற்கதவு, தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிய முகம். வழிப்போக்கன் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக எழுப்பிய மதில் அது. அதன் முன்னால் நின்றுதான், இந்த ஊர் என்னை வரவேற்கிறது என்று எழுதிப் படம் போடுகிறோம். கால்வே சுப்பராயச் செட்டி வீதிக்கு, அதாவது ஊரார் வைசியாள் வீதி என்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் மரக்கால் நட்டு, ஓடு வேய்ந்து, வீதியின் மேலேயே சாய்த்து இறக்கிய தாழ்வாரம். நடந்து போகிறவருக்கு நிழல். அதற்கு உள்ளே திண்ணை. சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கை வைத்தால் வழுக்கும்படி செய்திருப்பார்கள். இப்படிப்பட்ட திண்ணைகளில் ஒரு முனையில் மட்டும் நான்கு விரல் உயரத்துக்குச் சரிவாக ஒரு மேடு எழும்பியிருக்கும். அந்த மேடு தலைக்கு. யாத்திரை போகிறவனும் அசலூர்க்காரனும் இராத்தங்கப் படுக்கையோடு தலையணையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறான் வீட்டுக்காரன். பெயர் கேட்கவில்லை, முன்பணம் கேட்கவில்லை, பன்னிரண்டு மணிக்குக் காலி செய் என்று சொல்லவில்லை. பயணிகள் விடுதியை வீட்டு முகப்பிலேயே வைத்திருந்த பகுதி இருக்க, அந்நியன் உள்ளே வராதபடி மதில் எழுப்பிய பகுதியைத் தங்குமிடமாகப் பரிந்துரைப்பது நகைச்சுவைக்காகச் செய்தது என்றால், அதைப் படத்தின் ஓரத்தில் சிறு எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

மேற்குப் பக்கம் ஒரே சத்தம், வண்டி நிறுத்த இடமில்லை என்று பதில் வரும் என்பது தெரியும். சத்தம் உண்டு, மறுக்கவில்லை. நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் அண்ணா சாலையிலும் ரூம் போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் தப்பு ஊர்மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் மகாத்மா காந்தி வீதியில் காரை நுழைக்க நினைப்பவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கி எல்லார் வீட்டுக்கும் பொது. ஆனால் கடைவீதியை விட்டு நாலு வீதி தள்ளினால், பெருமாள் கோயில் வீதிப் பக்கமோ தெற்கே முல்லா வீதிப் பக்கமோ, இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசற்படியில் பேசும் குரல் தவிர அதிகம் கேட்காது. சனிக்கிழமை இரவு ஒயிட் டவுனில் நிற்கும் கார் வரிசையையும் வாடகை ஸ்கூட்டர்களையும் பார்த்தவர் எவரும் அமைதி என்ற காரணத்தை இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

இவற்றையெல்லாம் விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுப்புகிறவர்கள் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியின் உண்மையான நண்பர்கள். ஒயிட் டவுனில் குடியிருப்பவர் போய் கஃபே வந்தது, அடுத்து பொடிக், அதற்கடுத்து கெஸ்ட் ஹவுஸ். எங்கள் வீதியையாவது விட்டுவையுங்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான பயம். கூட்டத்தை அப்படியே மேற்கே திருப்பிவிட்டால் இதே கதை அங்கேயும் நடக்கும், மஞ்சள் பெயிண்ட் வாளிக்குப் பதில் வேறு நிற வாளியோடு. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதும் காப்பாற்றுவதாகாது. 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் பழைய நகர மன்றமான மேரி கட்டடம் மழையில் இடிந்தது. உலக வங்கி நிதியில் பழைய சாயலிலேயே மறுபடி எழுப்பி 2021இல் பிரதமரே திறந்துவைத்தார். மேற்கே ஒரு முற்றம் வைத்த வீடு இடிந்தால் திறப்பு விழா கிடையாது. நான்கு மாடி காங்கிரீட் வருகிறது, கீழே கடை, மேலே வாடகை. தேக்குத் தூணும் சுண்ணாம்பு மாடியும் பராமரிக்க ஆகும் செலவை மூன்று பங்காளிகள் சேர்ந்து ஏற்கும் குடும்பம் எத்தனை இருக்கும்? வைசியாள் வீதியின் முகப்புகளை நகராட்சியும் இன்டாக் மரபுரிமை அமைப்பும் ஐரோப்பியத் திட்டப் பணத்தில் சீர்செய்ததும், 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது அதற்குக் கிடைத்ததும் தாங்கள் அறியாததல்ல. முகப்புக்கு ஒரு முறை வந்த பணம் கூரை ஓட்டுக்கு ஆண்டுதோறும் வராது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்துகொண்டு மாடியில் இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டால், அந்த வருமானம் ஓடு மாற்றவாவது உதவும். ஒயிட் டவுன் சீரழிவுக்குக் காரணம் விருந்தினர் வந்தது அல்ல, வீட்டுக்காரர் வெளியேறியது. எனவே உரிமம் கொடுக்கும்போது சொந்தக்காரர் அதே கூரையின் கீழ் உறங்குகிறாரா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, வீதிக்கு இத்தனை அறைதான் என்று ஒரு வரம்பும் போட்டால் போதும். அறை வாடகை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால், இந்த வரம்பைக் கிழக்குப் பக்கத்துக்கும் சேர்த்தே போடலாம் என்பது எங்கள் தனிப்பட்ட ஆசை.

மேற்கண்டவை தங்களுக்கு ஏற்புடையவையாக இல்லையென்றால் மாற்று யோசனை ஒன்றும் கைவசம் உண்டு. வாய்க்கால் பாலங்களில் சோதனைச் சாவடி வைத்து, மேற்கே போக விரும்புவோருக்கு விசா வழங்கலாம். காகிதப்பூ பின்னணியில் எடுத்த படம் இரண்டு, சைக்கிள் வாடகை ரசீது ஒன்று இணைத்தால் போதும் என்று விதி வகுக்கலாம். அதற்கு முன்னோடியாக, கடற்கரைச் சாலையில் இருக்கும் தங்கள் தகவல் மையத்தின் கிளை ஒன்றைப் பெரிய மார்க்கெட் வாசலில் திறந்து, அங்கே பணியாற்றுவோருக்குத் தொலைதூரப் பணிப்படி வழங்கவும் பரிந்துரைக்கிறோம். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் பதில் கிடைத்தால், ரூம் போடுவதற்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஒயிட் டவுனில் ரூம் கிடைக்காத பொதுமக்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர், விழுப்புரம் (தங்கள் மாவட்டக் கடற்கரை வேறொரு பெயரில் வாடகைக்குப் போய்க்கொண்டிருப்பதால், தகவலுக்காக).