மிதிவண்டிச் சராசரி வேக மீமாம்சை

எந்தச் சாஸ்திரத்தையும் தொடங்குமுன் அதைக் கற்பதற்குரிய அதிகாரி யார், அதன் விஷயம் யாது, பிரயோஜனம் என்ன என்று சொல்லிவிட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. அம்முறையை அறவே மறந்து நேரே முடிவுக்குத் தாவுகிற ஆராய்ச்சியாளர்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் நாமாவது அதைக் கடைப்பிடிப்போம். இச்சாஸ்திரத்துக்கு அதிகாரியாவார், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, எவரும் அனுப்பாமலும் எவரும் அழைக்காமலும், திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கோவளம் வரையிலோ மாமல்லபுரம் வரையிலோ சைக்கிள் மிதித்துச் சென்று, அங்கே யாதொரு காரியமும் இன்றித் திரும்பி வருகிறவர். இரு புறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆயுள் முழுவதும் மிதித்த பால்காரரும், கடிதப் பையுடன் உச்சி வெயிலில் மிதித்த தபால்காரரும் அதிகாரிகள் ஆகார். அவர்கள் கால் வலிமையில் எவருக்கும் ஐயமில்லை என்றாலும், தம் சராசரி வேகம் இன்னதென்று ஒரு நாளும் விசாரியாமலே காலங்கழித்தவர்களை இச்சாஸ்திரம் ஏற்பதற்கில்லை. விஷயமாவது, கடந்த தூரத்தைக் கழிந்த காலத்தால் வகுத்தால் வரும் எண். பிரயோஜனத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் ஆதி புருஷர் என்று கருதத்தக்கவர் ஹென்றி தெக்ராஞ்ஜ் என்னும் பிரெஞ்சுக்காரர். 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஓட்டக்களம் ஒன்றில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதித்து, 35 கிலோமீட்டரும் 325 மீட்டரும் கடந்து, காலத்தை ஒரு மணி என்று கட்டிப்போட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் அளக்கும் வழக்கத்தை அவர் நிலைநாட்டினார். வகுத்தல் கணக்குக்கே வேலை வைக்காத இந்த உபாயத்தின் நேர்த்தியை எத்தனை புகழ்ந்தாலும் தகும். அவரே 1903-ல் பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தையும் தொடங்கிவைத்தார். அதில் முதல்வராக வந்த மொரிஸ் காரேன் 2,428 கிலோமீட்டரை 94 மணிச் சொச்சத்தில் கடந்தார் என்பதால் அவருடைய சராசரி மணிக்கு 25.7 கிலோமீட்டர் அளவில் நின்றது. ஞாயிறு காலையில் கரிநார்ச் சட்டமும் இருபத்திரண்டு கியரும் பூட்டிய வண்டியில் நாற்பது கிலோமீட்டர் போய், 25.8 என்ற எண்ணைக் கண்டு, காரேனை வென்றுவிட்டதாக உள்ளூர மகிழும் கனவான்கள் நம்மிடையே உண்டு; காரேன் தார் காணாத சாலைகளில், இருட்டிலும் மிதித்து, ஒரே கட்டத்தில் 471 கிலோமீட்டர் வரை போனார் என்பது அவர்கள் செவிக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதே ஜீவகாருண்யம்.

கருவியின் வரலாறு சுருக்கமானது. 1895-ல் அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் கம்பியில் பொருத்திய முளை ஒரு சிறு பல்சக்கரத்தைத் தட்டித் தள்ளும்படியான தூரமானியைச் செய்தார். அது தூரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது, ஆகவே வாங்கினவர்கள் நிம்மதியாக உறங்கினார்கள். பிற்காலத்தில் முளைக்குப் பதிலாகக் காந்தத் துண்டும், பல்சக்கரத்துக்குப் பதிலாக மின்னணு மீட்டரும் வந்தபோதுதான் இன்றைய வியாதி பரவத் தொடங்கிற்று. அந்த மீட்டருக்கு நம் சக்கரத்தின் சுற்றளவை நாமேதான் சொல்லித்தர வேண்டும் என்பது இங்கே கவனிக்கத்தக்க நுட்பம். உள்ளபடி 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தை 2.2 மீட்டர் என்று சொல்லி வைத்தால், 24 ஆக இருந்த சராசரி அக்கணமே 25-ஐத் தாண்டிவிடும். காலுக்கோ நுரையீரலுக்கோ இத்தனை குறைந்த செலவில் இத்தகைய பலனைத் தரும் பயிற்சி வேறொன்று இல்லை. வானத்துச் செயற்கைக்கோள்களைப் பார்த்துக் கணிக்கும் கைப்பேசிகள் வந்தபின் இந்தப் பாக்கியமும் குறைந்துவிட்டது.

இனிச் சம்பிரதாய பேதம். கழிந்த காலம் என்றோமே, நின்ற நேரம் அதில் சேருமா, சேராதா? காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கைப் போல, முடிவு காணாமல் நீள்கிற இந்த விவாதத்தில் சைக்கிள் உலகம் இரண்டு கலைகளாகப் பிரிந்து நிற்கிறது. விலக்குக் கலையார், சக்கரம் சுழன்ற நேரமே நேரம் என்பர். சிவப்பு விளக்கில் நின்றது போக்குவரத்து இலாகாவின் காலம், முட்டுக்காட்டுப் பாலத்தில் படம் எடுக்க நின்றது கலையின் காலம், கோவளத்தில் டீ குடித்தது டீக்கடைக்காரரின் காலம், அவற்றை நம் கணக்கில் ஏற்றுவது அநியாயம் என்பது அவர்கள் வாதம். வண்டி நின்றவுடன் தானே கண் மூடிக்கொள்ளும்படி மீட்டரைப் பழக்கியிருப்பவர்கள் இவர்கள். சேர்ப்புக் கலையாரோ, புறப்பட்ட நொடி முதல் வந்து சேர்ந்த நொடி வரை கடிகாரம் ஒன்றே, அதற்குத் தூக்கம் கிடையாது என்பர். நெடுந்தூரச் சவாரி நடத்தும் ஆடாக்ஸ் மரபினர் இக்கலையைச் சேர்ந்தவர்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி என்று அவர்கள் விதிக்கும் கெடுவுக்குள்ளேயே உண்பதும் உறங்குவதும் டியூப் மாற்றுவதும் அடங்கிவிட வேண்டும். பகல் முழுவதும் மணிக்கு 30 வீதம் பறந்துவிட்டு இட்லிக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்தவரை, நில்லாமல் 20-ல் மிதித்துவந்த ஒரு கிழவர் தாண்டிப் போவது இக்கலையார் கண்ட நித்திய காட்சி.

விலக்குக் கலையின் சித்தாந்தத்தில் ஒரு விபரீதம் உண்டு. நின்றால் குற்றமில்லை, மெதுவாகப் போனால் குற்றம் என்று அது கொள்வதால், நெரிசலில் மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் ஊர்ந்து செல்கிற பொறுமைசாலி தண்டனை அடைய, அதே நெரிசலில் காலை ஊன்றி நடுச்சாலையில் சிலையாக நின்றவன் மன்னிக்கப்படுகிறான். இதனால்தான், முன்னே சிவப்பு விளக்கைக் கண்டதும் மற்றெல்லாரும் படிப்படியாக வேகத்தைக் குறைக்க, ஒருவர் மட்டும் விளக்கடி வரை வெறிகொண்டு மிதித்து வந்து, பிரேக் கிறீச்சிட, சட்டென்று நிற்கிறார். அவரைப் பைத்தியம் என்று எண்ணுவோர் கணிதம் அறியாதவர்.

கணிதம் என்று வந்தபின் அதன் மர்மத்தையும் திறந்துவிடுவோம். போகும்போது மணிக்கு 20, வரும்போது 30 என்றால் சராசரி 25 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லுவான். மீட்டர் 24 என்றே காட்டும். மெதுவாகப் போன பாதிக்கு அதிக நேரம் செலவாவதால், வகுக்கும் எண்ணில் அதன் ஆதிக்கமே மிகும். நம் ஆராய்ச்சியின் சாரமே இதுதான்: சராசரியை ஆள்வது நாம் பறந்த கிலோமீட்டர்கள் அன்று, ஊர்ந்த கிலோமீட்டர்கள். நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டரைச் சரியாக ஒரு மணியில் கடந்த மகாவீரர் ஒருவர், கடைசி 2 கிலோமீட்டரைக் காய்கறிச் சந்தை, கோலமிடும் அம்மையார், குப்பை லாரி, உறங்கும் நாய் ஆகியவற்றின் ஊடே 10 வீதத்தில் கடந்து வீடு சேர்ந்தால், அவர் சராசரி 26.7 ஆகச் சரிந்துவிடுகிறது. ஒரு மணி நேரத் தவத்தைப் பன்னிரண்டு நிமிஷத் தெரு தின்றுவிட்டது. ஆகவே விவரமறிந்தவர்கள் பெரிய சாலை முடியுமிடத்திலேயே மீட்டரை நிறுத்திவிட்டு, எஞ்சிய தூரத்தை எந்த ஏட்டிலும் ஏறாத அநாமதேயர்களாகக் கடந்து வீடு போகிறார்கள்.

காற்றின் கணக்கும் இதே நியாயத்தில் அடங்கும். வாடை வீசும் மாதங்களில் தெற்கே மாமல்லபுரம் நோக்கிப் போகையில் அது முதுகைத் தள்ளும், திரும்புகையில் மார்பைத் தள்ளும். தந்ததை வாங்கிக்கொண்டது, கணக்குச் சரியாயிற்று என்று எண்ணுவது பேதைமை. காற்றில்லா நாளில் 20 வீதம் போய்வருபவர், காற்றடிக்கும் நாளில் 25 வீதம் போய் 15 வீதம் திரும்பினால் சராசரி 18.75, முப்பது கிலோமீட்டர் போய் முப்பது கிலோமீட்டர் வருவதற்குள் பன்னிரண்டு நிமிஷத்தை வாடை வரியாக எடுத்துக்கொள்கிறது. மலையோ இதனினும் கொடியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வீதம் ஏறிவிட்டு, போக வர 20 என்ற சராசரியோடு அடிவாரம் சேர வேண்டுமென்று விரும்பினால், இறங்குவதற்கு அவருக்கு மீதமுள்ள நேரம் பூஜ்யம். சித்தர்கள் வாழ்ந்த மலை என்பதால் அது முற்றிலும் அசாத்தியம் என்று நாம் தீர்ப்புக் கூற மாட்டோம்.

சராசரியை உயர்த்தும் வழிகளுக்கு வருவோம். சமதரையில் மிதிப்பவனின் பிரதான சத்துரு காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகவும், அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனமாகவும் பெருகுகின்றன. 20-லிருந்து 25-க்கு உயர விரும்புவோர், காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு சக்தியைத் தர வேண்டும். சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972-ல் தம் ஒரு மணிச் சாதனைக்கு, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருக்கும் மெக்சிகோ நகரத்தைத் தேர்ந்தெடுத்து 49.431 கிலோமீட்டர் சென்றது இந்தக் காரணத்தால்தான். மெக்சிகோ போக வசதியில்லாதோர் முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தலாம்; அதற்கு வயிறு ஆட்சேபிப்பதுண்டு. வேட்டி, கப்பலுக்குப் பாயாகும் குணமுடையது ஆதலால் இத்துறையில் தள்ளுபடி. வேறொருவர் பின்னால் ஒண்டிக்கொண்டு போனால் காற்றின் எதிர்ப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். முறை வைத்துத் தாமும் முன்னே போக வேண்டும் என்பது தர்மம். முன்னே போகிற முறை தமக்கு வரும்போது ஷூ நாடாவைச் சரிசெய்யக் குனிவோரை எல்லாக் குழுக்களும் அறியும். டயரில் காற்று, செயினில் எண்ணெய், முழங்கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டின் உயரம் என்ற மூன்றும் அற்பச் செலவில் ஆகக்கூடியவை; அற்பமானவை என்பதாலேயே அவற்றைச் செய்யாமல், லட்ச ரூபாய்ச் சக்கரத்தை வாங்குவோர் பலர்.

எல்லாவற்றிலும் கடினமான உபதேசம் ஒன்று உண்டு: வேகம் வளர வேண்டுமானால், வாரத்துச் சவாரிகளில் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே போகக்கூடிய அளவுக்கு மெதுவாக மிதித்து, ஒன்றிரண்டு நாள் மட்டும் மூச்சு வாங்க மிதிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கூறுகிறார்கள். இதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட சீடன், குறிப்பேட்டில் அன்றைய சராசரி 19 என்று எழுத நேரும் தருணத்தில் சித்தம் கலங்கி, கடைசி ஐந்து கிலோமீட்டரில் எதிர்ப்பட்ட ஸ்கூட்டர் ஒன்றை விரட்டி, உபதேசத்தைக் குலைத்துவிடுகிறான். குறிப்பேடு வைப்போர் அதில் காற்றின் திசையையும் எழுதினால் ஒழிய, 24.1 என்பது 24.6 ஆனது காலின் முன்னேற்றமா, வாயுபகவானின் கிருபையா என்று கண்டறிய வழியில்லை. அறிய விரும்புவோரும் அரியர்.

பஞ்சர் விஷயத்தில் மட்டும் சாஸ்திரம் இன்னும் தெளிவடையவில்லை. டியூப் ஓட்டையாகி, பஞ்சர் கடையைத் தேடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் சக்கரம் சுழல்கிறது. சக்கரம் சுழன்றால் அது சவாரி என்று மீட்டர் கருதி, அந்த நடையின் வேகத்தையும் சராசரியில் கலந்துவிடுகிறது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதே விலக்குக் கலையாரின் பரிகாரம். வழியில் போகிற குட்டி யானை என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றை மறித்து அதில் ஏற்றிக்கொண்டால், காந்த மீட்டர் சும்மா கிடக்கும்; சட்டைப் பையில் நிறுத்த மறந்த கைப்பேசியோ மணிக்கு 45 கிலோமீட்டர் என்று எழுதி, அன்றைய சராசரியை அந்த ஆண்டிலேயே உன்னதமானதாக ஆக்கிவிடும். அந்தப் பதிவை அழித்துவிட வேண்டுமா, இருக்கட்டும் என்று விடலாமா என்ற கேள்வியில், விலக்குக் கலையாரும் சேர்ப்புக் கலையாரும் சரித்திரத்தில் முதன்முறையாக ஒருமித்த அபிப்பிராயம் கொண்டு, இருக்கட்டும் என்கிறார்கள்.