கமிங் டு மை ஃபேமிலி

சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் எங்கள் கல்லூரிக்குப் பயிற்சி கொடுக்க வந்த சாஃப்ட் ஸ்கில் சார். ‘குட் மார்னிங்’ ஒரு தரம் சொன்னால் அவருக்குப் போதாது. ‘கேக்கல, கேக்கல’ என்று மூன்று தரம் கத்த வைப்பார். அதைக்கூட மன்னித்துவிடலாம். இந்த செல்ஃப் இன்ட்ரோவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல், அறுபது பேர். வருகைப்பதிவேட்டோடு கடைசி பெஞ்சில் ஆங்கில ஆசிரியன் நான். சார் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்: பெயர், ஹெய்லிங் ஃப்ரம், கமிங் டு மை ஃபேமிலி, பலம், பலவீனம், தேங்க்யூ.

முதல் பையன் ராசிபுரத்திலிருந்து ஹெய்லிங் ஆனான். கமிங் டு மை ஃபேமிலி, அப்பா பிசினஸ், அம்மா ஹோம்மேக்கர். பலம், கடின உழைப்பு. பலவீனம், எல்லாரையும் சட்டென்று நம்பிவிடுவது. அடுத்தவன் பரமத்தி வேலூரிலிருந்து ஹெய்லிங் ஆனான். அவன் அப்பாவும் பிசினஸ். அவனும் எல்லாரையும் நம்பினான். பதினோராவது பையன் உட்கார்ந்தபோது, சீட்டுக் கம்பெனி தொடங்க இதைவிட ராசியான இடம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

நாற்பதாவது பையன்தான் தடம் புரண்டான். பலவீனம் வந்ததும், “எனக்கு இங்கிலீஷ் வராது சார்” என்றான். அன்றைக்கு வகுப்பில் பேசப்பட்ட ஒரே உண்மை. சார் பதறிவிட்டார்.

“நெகட்டிவா சொல்லக் கூடாதுப்பா! ஐ ட்ரஸ்ட் பீப்புள் ஈஸிலின்னு சொல்லு.”

சொன்னான். கைதட்டல்.

அவன் அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். ஊடை நூல் அறுந்தால் தறி எப்படி நிற்கிறது என்று கேன்டீனில் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு எனக்குச் சொன்னான்: “நூல் இருந்தா ஃபோர்க்கைத் தள்ளும் சார். அறுந்தா தள்ள ஆளில்ல. தறி நின்னுடும்.” இந்த மூன்று வரியை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் போதும், எந்த இன்டர்வியூவிலும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை டவுன் பஸ்ஸில் சாரைப் பார்த்தேன். கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். அவரும் பி.இ.தானாம், படித்த வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர். மறுநாள் வேறு கல்லூரி, வேறு அறுபது பேர்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் புரொஃபஷனல் இங்கிலிஷ் இரண்டு செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டிலும் நான் பரீட்சைக்குத்தான் நடத்தினேன். பையன்கள் வாய் திறந்ததைவிட நான் திறந்ததே அதிகம். பிறகு மூன்றாமாண்டில் இரண்டே நாள் கொடுத்துப் பேச வைக்கச் சொன்னால், மனிதர் மனப்பாடத்தைத் தவிர எதைக் கொடுப்பார்?

ஆனாலும் சார், ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பலகையை அழித்துவிடுங்கள். ‘உங்க வீட்ல ஓடுற மெஷின் எப்படி ஓடுது?’ என்று கேளுங்கள். தப்பும் தவறுமாகவே சொல்லட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். குட் மார்னிங் ஒரு தரம் போதும்.