சீசன் மாமா

ருதுக்கள் ஆறு என்று சாஸ்திரம் சொன்னாலும், தில்லி மாநகரத்து அநுபவத்தில் இருப்பவை இரண்டே. சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரையில் வெயிலையும் அதன் பின்வரும் புழுக்கத்தையும் சபித்துக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம் ஒன்று. நவராத்திரிக்கு ராம்லீலா பந்தல்கள் எழும்பிய நாள் முதல் ஹோலிச் சாயம் உடம்பை விட்டுப் போகிற நாள் வரையில், மாலை ஆறு மணியானால் நகரத்தின் ஏதாவது ஒரு மண்டபத்தில் யாராவது ஒரு பிரமுகர் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும் காலம் மற்றொன்று. இந்த இரண்டாவது காலத்துக்கென்றே பிரம்மதேவன் பிரத்தியேகமாகச் சிருஷ்டித்து, மத்திய சர்க்காரில் முப்பது முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்க்கச் செய்து, பென்ஷனோடும் குறைவற்ற ஜீரண சக்தியோடும் விட்டுவைத்திருக்கும் மனிதர் ஒருவர் உண்டு. கரோல் பாகிலோ, ராமகிருஷ்ணபுரத்திலோ, முனிர்க்காவிலோ, யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹாரிலோ, தமிழர் குடியிருக்கும் எந்தப் பேட்டையில் விசாரித்தாலும் அந்த வர்க்கத்தில் ஒருவர் அகப்படாமல் போகமாட்டார். பெற்றோர் இட்ட பெயர் எதுவாயினும் இருக்கட்டும். நாம் அவரைச் சீசன் மாமா என்றே அழைப்போம்.

சென்னையிலும் சீசன் உண்டு. ஆயினும் மார்கழியில் மயிலாப்பூரையும் மாம்பலத்தையும் சுற்றி வருகிறவர் சங்கீதம் என்னும் ஒரே தெய்வத்துக்கு ஆட்பட்டவர்; காம்போதியில் ஒரு பிரயோகம் பிசகினால் அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்காது. நம்முடைய சீசன் மாமாவோ சமதிருஷ்டி படைத்த ஞானி. துருபதக் கச்சேரி, போலந்து தேசத்துச் சினிமா, மணிப்புரி நடனம், டேலியாப் புஷ்பக் கண்காட்சி, எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பாண்டு வாத்தியம், பருவநிலை மாறுதலைப் பற்றிப் பௌத்தம் என்ன சொல்லுகிறது என்பது குறித்து ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் நிகழ்த்தும் பிரசங்கம் ஆகிய சகலத்திலும் அவர் தரிசிப்பது ஒரே பரம்பொருளைத்தான். அந்தப் பரம்பொருளுக்கு லக்ஷணமும் ஒன்றே: பிரவேசம் இலவசமாக இருத்தல் வேண்டும். டிக்கெட் வாங்கி உள்ளே நுழைகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வருவதில்லை, பரிதாபந்தான் உண்டாகிறது. "ராஜதானியிலே இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு பாஸ் சம்பாதிக்கத் தெரியாதவன் சர்க்காரிலே என்னத்தைக் கிழித்தான்?" என்பது அவருடைய கேள்வி.

தில்லியில் ரூபாய் நோட்டுக்கு அடுத்தபடியாகச் செலாவணியில் இருப்பது பாஸ்தான் என்பதை அந்நகரத்தில் ஒரு குளிர்காலமாவது கழித்தவர்கள் அறிவார்கள். தை பிறப்பதற்கு முன்பே மாமா, ஒரு காலத்தில் தமக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்து இப்பொழுது அண்டர் செக்ரட்டரியாக உயர்ந்திருப்பவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"என்னப்பா, க்ஷேமந்தானே? குழந்தை பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாளா?"

பதினோரு மாதமாக இல்லாத இந்தக் கரிசனத்தின் பொருள் எதிர்முனைக்கு உடனே விளங்கிவிடும். "எந்தத் தேதிக்கு சார் வேணும்?" என்று அவரே கேட்பார்.

"இருபத்தாறுக்கு வேண்டாமப்பா, கூட்டம் ஜாஸ்தி. இருபத்து மூன்றுக்கு ரெண்டு இருந்தால் போதும். முடிந்தால் இருபத்தெட்டுக்கும்."

குடியரசு தின அணிவகுப்புக்கு முழு ஒத்திகை ஜனவரி 23. இருபத்தொன்பதாம் தேதி விஜய் சௌக்கில் நடைபெறும் படைகளின் வாத்திய நிகழ்ச்சிக்கு ஒத்திகை அதற்கு முந்திய நாள். அதே பீரங்கி, அதே ஒட்டகம், அதே அலங்கார வண்டி. வாராதவர் ராஷ்டிரபதி ஒருவரே. "அவரோடு எனக்கு என்ன ஜோலி?" என்பார் மாமா. விடியற்காலை மூடுபனியில் ஸ்வெட்டரின்மேல் ஸ்வெட்டராக மூன்று தரித்து, குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, ராஜபாதை என்று அவரும் 2022 முதல் கர்த்தவ்ய பதம் என்று சர்க்காரும் வழங்குகிற அந்த வீதியோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு வருவார். பிறகு இருபத்தாறாம் தேதி காலையில் தொலைக்காட்சிக்கு எதிரில் சாய்ந்துகொண்டு, "இப்பொழுது பார், ராஜஸ்தான் வண்டி வரும், அது போனதும் கேரளம்" என்று மாமிக்கு முன்கூட்டியே அறிவிப்பதில் அவர் அடையும் ஆனந்தம், ராஷ்டிரபதிக்கு அடுத்த ஆசனத்தில் அமர்ந்திருக்கும் அந்நிய நாட்டு அதிபருக்கும் கிட்டுமா என்பது சந்தேகமே.

அவருடைய நித்திய க்ஷேத்திரம் மண்டி ஹவுஸ் வட்டம். இமயத்துச் சிற்றரசான மண்டி சமஸ்தானத்து ராஜாவுக்கு ஒரு காலத்தில் அங்கே மாளிகை இருந்தது; ராஜாவும் போய் மாளிகையும் போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த வட்டத்தைச் சுற்றி, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 1971-ல் கட்டிய கமானி அரங்கமும் ஸ்ரீராம் சென்டரும் திரிவேணி கலா சங்கமும் தேசிய நாடகப் பள்ளியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஐந்து மணிக்குத் திரிவேணியில் சித்திரக் கண்காட்சியைத் திறந்துவைக்கும் வைபவத்தில் தேநீரும் பிஸ்கட்டும், ஆறு மணிக்குள் ஸ்ரீராம் சென்டர் வாசலில் நாடகத்தின் அறிவிப்புத் தாள் ஒன்று, ஆறரைக்குக் கமானி. திரிவேணியையும், லோதி எஸ்டேட்டில் ஜப்பானிய இளவரசர் அகிஹிதோ 1960-ல் அடிக்கல் நாட்டிய இந்தியா இன்டர்நேஷனல் சென்டரையும், அதன் அண்டையில் எழும்பிய ஹாபிடாட் சென்டரையும் நிர்மாணித்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்ற ஒரே அமெரிக்கச் சிற்பி என்பது மாமாவுக்குத் தெரியாது. ஆனால் மூன்றிலும் கழிவறை எந்தப் பக்கம், சமோசாத் தட்டு எந்தக் கதவு வழியாக வெளிப்படும் என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார்.

கமானியில் அவர் பிரவேசிப்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். கதவு திறந்த கணத்தில், முழங்கால் வலி என்று காலையில் சர்க்கார் டிஸ்பென்ஸரியில் மாத்திரை வாங்கியவர் இவர்தாமா என்று ஐயுறும்படியான வேகத்தில் நடுவாயில் வழியாக இறங்கி, மூன்றாவது வரிசையில் ஓரத்து ஆசனத்தில் தாம் அமர்ந்து, அடுத்த ஆசனத்தில் சால்வையையும் அதற்கடுத்ததில் கைக்குட்டையையும் நான்காவதில் அன்றைய செய்தித்தாளில் பாதியையும் விரித்துவிடுவார். "இங்கே ஆள் வருகிறதா?" என்று யாராவது கேட்டால், "வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று பதில் வரும். யார் வருகிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. பின்னால் நுழைகிற பரிச்சயஸ்தர் எவருக்காவது அந்த இடத்தைத் தானம் செய்வதில் அவருக்கு ஒரு ஜமீன்தாரின் திருப்தி.

விளக்கேற்றும் சடங்கில் அவருக்கு நிகரான நிபுணர் கிடையாது. மந்திரி வந்தால் எத்தனை தாமதம், தூதர் வந்தால் எத்தனை தாமதம், ஐந்தாவது திரியில் மெழுகுவர்த்தி அணைந்துபோகும்போது எந்தக் காரியதரிசி ஓடிவருவார் என்பதெல்லாம் அவருக்குக் கணக்காகத் தெரியும். பொன்னாடை, பூச்செண்டு, வரவேற்புரை ஆகியவற்றை அவர் கேட்பதில் உள்ள சிரத்தை, திரை உயர்ந்தபின் வரவரக் குறைந்துகொண்டே போகும். தனி ஆவர்த்தனம் தொடங்கும்பொழுது அவருடைய கை சால்வையைத் தேடும். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரம் 1957 முதல் வருஷந்தோறும் நவராத்திரியில் நடத்திவரும் 'ராம்' என்னும் நாட்டிய நாடகத்துக்குப் பல வருஷமாகத் தவறாமல் பாஸ் சம்பாதித்துப் போய்வருகிறார். தசரதருக்குப் பிள்ளை பிறந்ததையும் மிதிலையில் வில் ஒடிந்ததையும் அவர் வர்ணித்தால் நேரே நிற்பதுபோல் இருக்கும். சீதையை ராவணன் தூக்கிக்கொண்டு போனவுடன் மாமாவும் எழுந்து போய்விடுவார்.

மாசி பிறந்து மூடுபனி கலைந்ததும் அவருடைய பார்வை வடதிசை நோக்கித் திரும்பும். 2004 டிசம்பரில் மெட்ரோ ரயில் விசுவவித்யாலயா ஸ்டேஷன் வரையில் ஓடத் தொடங்கியதை, மாணவர்களைவிட மாமாவே பெரிய பாக்கியமாகக் கருதியிருக்க வேண்டும். தில்லி சர்வகலாசாலையின் மலர்க் கண்காட்சியும், கல்லூரிக்கு ஒன்றாக 'கிராஸ்ரோட்ஸ்' என்றும் 'டெம்பஸ்ட்' என்றும் 'மெக்கா' என்றும் நாமகரணம் செய்துகொண்டு இளைஞர்கள் கொண்டாடும் வருஷாந்தர விழாக்களும் அவருக்கு வசந்த காலத்துக் கிருத்தியங்கள். பரிசு பெற்ற டேலியாத் தொட்டியின் முன்னால் பக்தியோடு நின்று, தோட்டக்காரரிடம் ஹிந்தியில் குசலம் விசாரித்து, இரண்டு கன்றைக் கண்காட்சித் துண்டுப் பிரசுரத்திலேயே சுருட்டிப் பைக்குள் இறக்கிய பின்பு, அவர் தம் பரிவாரத்தைப் பழைய வைஸ்ராய் மாளிகைக்கு அழைத்துச் செல்வார். இப்போதைய ராஷ்டிரபதி பவனம் எழும்பும் வரையில் வைஸ்ராய்கள் வாசம் செய்த அந்த மாளிகை, 1933 முதல் சர்வகலாசாலையின் தலைமை அலுவலகம். அங்கே ஓர் அறையில்தான் 1922-ல் மௌண்ட்பாட்டன் துரை எட்வினா அம்மையாரிடம் தம்மை விவாகம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார் என்பதையும், சர்வகலாசாலை உதயமானதும் அதே வருஷந்தான் என்பதையும் மாமா உரத்த குரலில் விளக்குவார். சுற்றியுள்ள புல்தரையில் ஜோடி ஜோடியாக அமர்ந்து, ஏறக்குறைய அதே விஷயத்தைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் மாணவ மாணவியர் இந்தச் சரித்திரப் பாடத்தைக் கேட்டு எழுந்து வேறு மரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

இளைஞர்களுக்குச் சாஸ்திரீய கலைகளில் பற்று உண்டாக்க வேண்டுமென்று ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977-ல் தொடங்கிய ஸ்பிக் மேகே இயக்கம், மகா வித்துவான்களைக் கல்லூரி மண்டபத்துக்கே அழைத்து வந்து, காசு கேட்காமல் கச்சேரி நடத்துகிறது. பரீட்சை நெருங்கும் நாளாக இருந்து, வித்துவான் வீணையைச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கையில் மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையை விட்டு நகராமல் இருந்தார்களானால், ஏற்பாடு செய்த பெண்ணின் முகம் வெளுத்துவிடும். அந்தச் சமயத்தில் பின்கதவு திறக்கும். குல்லாயும் மப்ளருமாக மாமா நாலைந்து சகாக்களோடு நுழைவார். "ஆயியே, அங்கிள், ஆயியே" என்று அந்தப் பெண் ஓடிவந்து அவர்களை முதல் வரிசையில் அமர்த்துவாள். மாமா தொடையில் தட்டி ஆதி தாளம் போடத் தொடங்குவார். வித்துவான் மிச்ர சாபுவில் வாசித்துக்கொண்டிருந்தாலும் அவருக்கு ஆதி தாளமே. மாணவ சமுதாயம் திரண்டு வந்து ரசித்ததாகக் கல்லூரிச் சஞ்சிகையில் வெளியாகும் புகைப்படத்தை உற்று நோக்கினால், மாணவ சமுதாயத்துக்குச் சராசரி வயது எழுபது என்று புலப்படும்.

ஊரிலிருந்து விருந்தாளி வருவதும் இந்தக் காலத்திலேதான். அவர்கள் சொல்லிவைத்தாற்போல் சனிக்கிழமை இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறித் திங்கட்கிழமை காலையில் புது தில்லியில் வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமையோ செங்கோட்டைக்கு விடுமுறை, தேசிய மியூசியத்துக்கு விடுமுறை, மொகல் தோட்டமாக இருந்து 2023-ல் அமிர்த உத்தியானமாகிவிட்ட ராஷ்டிரபதியின் தோட்டத்துக்கும் விடுமுறை. வேறு எவரானாலும் கலங்கிப்போவார்கள். மாமாவோ, "குளித்துவிட்டு வாருங்கள், சாயங்காலம் ஹாபிடாட்டிலே ஹங்கேரியப் பொம்மலாட்டம் இருக்கிறது, உள்ளே போகத் தம்பிடி வேண்டாம்" என்பார். தாஜ்மஹாலைப் பார்க்க வந்த கும்பகோணத்துச் சம்பந்தி, ஹங்கேரியப் பொம்மலாட்டம் பார்த்துவிட்டுத் திரும்புவது இப்படித்தான். வர்த்தகக் கண்காட்சி, புஸ்தகக் கண்காட்சி, சூரஜ்குண்ட் மேளா ஆகியவற்றைப் பற்றி விரிக்கப் புகுந்தால் ஏடு கொள்ளாது. மூன்றிலிருந்தும் துணிப்பை கொண்டுவந்திருக்கிறார் என்பது போதும்.

மாமிக்கு இதிலெல்லாம் ஆட்சேபம் இல்லை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரையில் மாலைப் பொழுதில் வீடு நிசப்தமாக இருக்கிறது. ராத்திரிக்குப் பானையில் அரை ஆழாக்கு அரிசி குறைத்தே போடலாம். கோடையில்தான் அவளுக்குக் கஷ்டம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் ராஜதானியில் கலைகளுக்கு மந்திரிசபையில் ஓர் இலாகா உண்டு, அகாதமிகள் உண்டு, மானியம் உண்டு, மண்டபம் உண்டு, தூதரகங்களின் தயவு உண்டு. உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள்தான் இல்லை. அந்தக் குறையை, குளிரையும் முழங்காலையும் பொருட்படுத்தாமல், நாளைக்கு இரண்டு இடமாக நிறைவேற்றி வருபவர் சீசன் மாமா. அவர் ஒரு வாரம் ஜுரமாகப் படுத்துவிட்டால் மண்டி ஹவுஸில் பாதிக் கச்சேரிகள் நாற்காலிகளுக்கே நடக்க வேண்டியிருக்கும். பத்ம விருதுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இவரை மறந்துவிடுவது எனக்கு எப்போதுமே நியாயமாகப் படவில்லை.

ஆகையால் தில்லியில் வசிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வருஷம் நவராத்திரியில் 'ராம்' பார்க்கப் போகிறவர்கள் கடைசி வரையில் இருந்துவிட்டு, மறுநாள் காலையில் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சீதை திரும்பக் கிடைத்துவிட்ட சமாசாரத்தைச் சொல்லிவிடுங்கள்.