மூன்று பழங்களைக் காப்பாற்றுவோம்

வீட்டில் மூன்று வாழைப்பழம் கறுத்துவிட்டதா? பதற வேண்டாம். பனானா பிரெட் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில், எதையும் தூக்கியெறிய மனம் வராத அமெரிக்கக் குடும்பங்கள் சமையல் சோடாவின் தயவில் வளர்த்த சிக்கனம் அது. 2020 ஊரடங்கில் உலகமே அதைத் தூசி தட்டி எடுத்தது.

சிக்கனம் என்றால் சும்மாவா? பதினைந்து ரூபாய்ப் பழத்தை மீட்க ஓர் ஓடிஜி அடுப்பு, நீளத் தகர அச்சு, அளவுக் கரண்டிகள், வெண்ணெய், வெனிலா எசென்ஸ், காஷ்மீர் வால்நட். வால்நட் இல்லாமலும் சாப்பிடலாம்தான். ஆனால் படம் எடுத்துப் போட முடியாதே.

ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம், மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம். பழத்தின் புளிப்போடு சோடா சேர்ந்ததும் வாயு கிளம்பி மாவைத் தூக்கிவிடும். நொடியில் ஆகிற பண்டம்: 180 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆற இன்னொரு மணி நேரம். மைதாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கூடினால் என்ன, பழம் இருக்கிறதே, ஆரோக்கியம்தான். இதே பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, பணியாரக் குழியில் ஊற்றிச் சட்டென்று கணக்கை முடித்த பாட்டிகளுக்குத் தொலைநோக்கு போதாது.

ஒரே சிக்கல், பழங்கள் நம் வேகத்துக்குக் கறுப்பதில்லை. ஆகவே நல்ல பழமாக ஒரு டஜன் வாங்கி மேல் அலமாரியில் வைத்தாயிற்று. பசியோடு கை நீட்டிய பையனை அம்மா தடுத்தாள்: “தொடாதேடா, அது அழுகணும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது.”

பையன் பழம் வாங்கித் தின்னப் பெட்டிக்கடைக்குப் போயிருக்கிறான்.