அண்ணாச்சியிடம் ஆண்டவர் பேசுதாரு

"கொஞ்சம் பொறுங்க, ஆண்டவர் பேசுதாரு."

கிறிஸ்துமஸ் கேரல் கமிட்டியில் பேச்சு தனக்கு எதிராகத் திரும்பும்போதுதான் அண்ணாச்சி இதைச் சொல்வார். கண் மூடும். சுட்டுவிரல் மட்டும் மேலே நிற்கும். டீ ஆறும். உபதேசியார் நோட்டை மூடி வைப்பார். கண் திறந்தால் முடிவு தயார்: கழுகுமலை ரோட்டில் ஆரம்பித்து, ராஜபாளையம் ரோடு சுற்றி, கடைசியாக அண்ணாச்சியின் மச்சினன் வீடு. அங்கேதான் இட்லியும் கறிக்குழம்பும்.

ஸ்டார் எந்தக் கடையில் வாங்குவது? மருமகன் கடையில். தாத்தா வேஷம் யாருக்கு? பேரனுக்கு. எல்லாம் ஆண்டவர் சொன்னதுதான். போன வருஷக் கணக்கைப் பற்றி மட்டும் அவர் இதுவரை வாய் திறக்கவில்லை.

சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது, ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று தடவை எழுந்து ஓடினான். அண்ணாச்சிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார். எலியாவுக்குப் பெருங்காற்று, பூகம்பம், நெருப்பு எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. அண்ணாச்சிக்கோ லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர், பாக்ஸ், கீபோர்டு, டிரம் எல்லாம் சேர்ந்து முழங்கும்போதுதான் தெளிவாகக் கேட்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். பையன்கள் சலித்துத் திரும்பிய பிறகும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தெருக்கோடியில் படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியைப் பார்க்கத் தனியாகப் போவார். மைக் இல்லை, சுதியும் இல்லை. ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பாட்டி தலையணைக்கடியில் ரூபாய் நோட்டைத் தேடுவதற்குள் படியிறங்கிவிடுவார். அந்த வீட்டுக்குப் போகச் சொல்லி ஆண்டவர் பேசியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்காக மற்றதை விட்டுவிட முடியுமா? விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய சங்கரன்கோவிலே அண்ணாச்சியின் பாக்ஸ் சத்தத்தில் எழுந்து உட்காருகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000-லேயே விதி வந்தாயிற்று. பண்டிகைக்கென்று தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான். எடுத்துச் சொன்னால் விரல் மேலே போகிறது.

எதிர்வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் பூச்சந்தைக்குப் போகவேண்டியவர். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்தே குறைவு, பிந்தினால் அதுவும் கிடைக்காது. இவர்களும் பேசத்தான் செய்கிறார்கள், வாசலில் நின்று, பச்சைத் தமிழில், தொண்டை கிழிய. இதைக் கேட்கக் கண்ணை மூட வேண்டியதில்லை அண்ணாச்சி, பாக்ஸை அணைத்தால் போதும். அப்படியே அந்தக் கணக்கு நோட்டையும் கொண்டாங்க.