ஓர் எழுத்து வித்தியாசம்

கேள்வி: வயது 76. டொராண்டோவில் மகனுடன் இருக்கிறேன். கும்பகோணத்தில் வீடு, இங்கே கொஞ்சம் சேமிப்பு. ஊரில் தம்பிக்கு பவர் கொடுத்திருக்கிறேன். உயில் வேறு எதற்கு?
- வாசகி ஒருவர், டொராண்டோ

பதில்: உயிருக்கும் உயிலுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அம்மா. முதலாவது போகும் நொடியில் தம்பிக்குத் தந்த பவரும் கூடவே போய்விடும்; அதன்பிறகு உங்களுக்காகப் பேசுவது இரண்டாவதுதான். நீங்கள் எங்கே வசித்தாலும் கும்பகோணம் வீட்டுக்கு இந்தியச் சட்டம்தான். அதற்குத் தனி உயில் எழுதுங்கள். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சேமிப்புக்குக் கனடாவில் இன்னொரு உயில். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்: 'முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து' என்று வக்கீல் வழக்கமான வரியைச் சேர்த்தால், கும்பகோணம் உயிலும் அடிபட்டுப் போகலாம். 'கனடா சொத்துக்கு மட்டும்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நினைவு தப்பினால் சிகிச்சையை யார் முடிவு செய்வது என்பதற்கு ஒன்டாரியோவில் தனிப் பத்திரம் உண்டு. அதில் மகன் பெயரை எழுதுவதற்கு முன், வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை இன்று ராத்திரி சாப்பிடும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.