சும்மா கிடைத்த இடத்தில் சல்லி பார்ப்பது எப்படி?

முதலில் ஒரு காணி வேண்டும். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் தேடிப் பயனில்லை. இங்கே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற இடத்துக்கே கீமணி கேட்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிற காணியைத்தான் சொல்கிறேன். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் இடம் உங்களுடையது. நொத்தாரிசு இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை. நிபந்தனைகள் என்று நீளமாக ஒரு பக்கம் வரும். அதை வாசிக்கக் கூடாது. வாசித்தால் இந்த வழிகாட்டி இத்தோடு முடிந்துவிடும். சும்மா கொடுக்கிறவன் ஏன் கொடுக்கிறான் என்றும் யோசிக்கக் கூடாது. அப்படி யோசித்தவர்கள் எல்லாரும் இன்றைக்குச் செட்டியார் தெருவில் அடகுக்கடை வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் மூத்தவற்றில் ஒன்று ஜியோசிட்டீஸ். 1994இல் கலிபோர்னியாவில் டேவிட் போனெட்டும் ஜோன் ரெஸ்னரும் தொடங்கியது. ஊரைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஹொலிவூட், சிலிக்கன் வேலி என்று பெயர் வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டு இலக்கம் கொடுத்தார்கள். நம்முடைய தோட்டத்து வீடுகளுக்கு 112/46 என்று சாய்கோடு போட்டு இலக்கம் வருமே, ஏறத்தாழ அப்படித்தான். உலகமெல்லாம் இருந்து சனம் வந்து குடியேறியது. சுவரெல்லாம் மின்னுகிற நட்சத்திரம் ஒட்டியது, ‘வேலை நடக்கிறது’ என்று பலகை மாட்டியது, பூனைப்படம் தொங்கவிட்டது. 1999இல் யாகூ மூன்றரை பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து அந்த ஊரை வாங்கியது. குடியிருந்தவர்களுக்கும் ஒன்று கிடைத்தது: உங்கள் படத்திலும் எழுத்திலும் இனி எங்களுக்கும் உரிமை உண்டு என்ற புது நிபந்தனை. சனம் கோபப்பட்டு வீட்டைக் காலி பண்ணத் தொடங்கியதும் யாகூ பின்வாங்கியது. 2009 ஒக்டோபர் 26ஆம் திகதி ஊரையே மூடியது.

கொழும்பில் நடந்தது வேறு. 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, வாடகைக்கு இருந்த எத்தனையோ பேர் இருந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்கள். அப்போது வீடமைப்பு அமைச்சர் பீட்டர் கெனமன், நம் கொழும்பு மத்தியின் எம்.பி. ஜியோசிட்டீஸ்காரருக்கு ஒரு கெனமன் வாய்க்கவில்லை. உங்களுக்கும் வாய்க்க மாட்டார். கவலைப்படாமல் அடுத்த படிக்கு வாருங்கள்.

விலாசம். 2010 முதல் ‘.இலங்கை’ என்று முடிகிற தமிழ் விலாசமே எடுக்கலாம். காசு கேட்பார்கள், ஆகவே வேண்டாம். பசிபிக் கடலில் நியூசிலாந்தின் ஆளுகைக்குட்பட்ட டோகெலாவ் என்ற மூன்று பவளத் தீவுக் கூட்டத்தின் பெயரில் ‘.டிகே’ விலாசம் பல வருஷம் சும்மா கிடைத்தது. தீவில் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். எடுக்கப்பட்ட விலாசங்களோ கோடிக்கணக்கில். களவுப் பக்கங்களும் அங்கேயே குவிந்தன. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பனி வழக்குப் போட்டது, 2023இல் இலவசமும் நின்றது.

இனி எழுத வேண்டும். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் நமக்கெல்லாம் பாமினி எழுத்துருதான். கூகுள் 2003 ஜூனில் அட்சென்ஸைக் கொண்டுவந்தது. பக்கத்தை இயந்திரம் வாசித்து, விஷயத்துக்குப் பொருத்தமான விளம்பரத்தைத் தானாகப் போடும் என்றார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவை விட்டுப் புறப்படுவதை நீங்கள் உருகி உருகி வர்ணித்திருப்பீர்கள். இயந்திரத்துக்கு அது விசைப்பலகையில் பூனை நடந்த தடம். யூனிகோடுக்கு மாறிய பிறகும் பெரிய விமோசனம் இருக்கவில்லை. புரியாத பக்கத்தில் தர்ம ஸ்தாபனங்களின் விளம்பரம் வந்தது; புண்ணியம் உண்டு, சதம் கிடையாது. அட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018இல். பதினைந்து வருஷம் பொறுத்திருப்பது இந்த வழிகாட்டியின் ஐந்தாவது படி. நான்காவது எது என்று கேட்காதீர்கள்.

அடுத்தது சொடுக்கு. அப்போது பெரும்பாலும் விளம்பரத்தை யாராவது அமத்தினால்தான் காசு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் ஒரு நெட் கஃபேயில் எட்டுப் பொடியன்களை இருத்தி, ஆளுக்கொரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து அமத்தச் சொன்னான். எட்டுக் கணினியும் ஒரே இணைப்பில் இருந்தன. மறுநாள் விளம்பரக் கம்பனி கணக்கை மூடிவிட்டது. அந்தத் தொழிலில் அன்றைக்குக் கையில் காசு பார்த்த ஒரே ஆள் தேத்தண்ணிக்காரர்.

நேர்மையாகப் போனால் வேறு கதை. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் அட்சென்ஸ் உங்கள் விலாசத்தைச் சரிபார்க்க ஆறிலக்க எண்ணுள்ள கடிதம் ஒன்றைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். நாலு மாதத்துக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தோட்டத்தில் ஒரே இலக்கத்தில் மூன்று குடும்பம் இருந்தால், கடிதம் எந்த வீட்டுக் கரண்ட் பில்லுக்குள் இருக்கிறது என்று விசாரிக்கவே ஒரு மாதம் போகும். லொத்தர் விழுந்திருக்கிறதா என்று மாமிமார் கேட்பார்கள். கிட்டத்தட்ட என்று சொல்லுங்கள். காசு கைக்கு வர 100 டொலர் சேர வேண்டும்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விளம்பரம் சேர்க்கிற பழைய முறை ஒன்று உண்டு. கோயில் திருவிழாவுக்கோ நாடகத்துக்கோ மலர் போடுவார்கள். ரசீதுப் புத்தகத்தோடு நகைக்கடைப் படி ஏறினால் முதலாளி மலரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். வந்தவன் யாருடைய மகன் என்றுதான் கேட்பார். அரைப் பக்கமோ கால் பக்கமோ எழுதிக்கொடுப்பார். இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். காசு வந்துவிடும்.

கடைசிப் படி, மேல்வீட்டுக்காரருடன் அனுசரித்துப் போவது. இலவச இடம் கொடுத்தவர் தன்னுடைய விளம்பரத்தை உங்கள் பக்கத்துக்கு மேலே தொங்கவிடுவார். அதன் காசு அவருக்கு. திடீரென்று குதித்து எழும்புகிற அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ட்ரைபோட் என்ற இலவச இடத்தில், ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் வந்ததைக் கண்டு கார்க் கம்பனி ஒன்று குழம்பியது. விளம்பரம் பக்கத்தோடு ஒட்டாமல் தனிப் பெட்டியில் வரட்டும் என்று அதற்கான நிரலை எழுதியவர் ஈத்தன் சக்கர்மன். 2014இல் உலகத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு ஒரேயொரு தடவை உண்மையான விளம்பரம் வந்தது. ஸ்காபரோவில் இருந்து ஓர் அண்ணர் எடுத்தார்.

“தம்பி, அப்பான்ர முப்பத்தோராம் நாள் வருது. உங்கட பக்கத்தில படம் போட எவ்வளவு?”

தமிழில் காசு கொடுத்துப் போடுகிற விளம்பரம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொகையைச் சொன்னேன். பேரம் பேசாமல் சரி என்றார். படத்தை ஏற்றி, பூமாலை வைத்து, பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் பிழையில்லாமல் அடித்து, பார்க்கச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார்.

“தம்பி, அப்பாவுக்கு மேல ஒரு பொம்பிளை நிண்டு உடம்பு மெலியிற மருந்து விக்கிறாள். அவவை எடுக்க ஏலாதோ?”

“ஏலாதண்ணே. அது எனக்கு இடம் தந்தவங்கட.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியில் ஐயாவின் படம் கால் பக்கத்தில் வந்திருந்தது. பூமாலை நான் வைத்ததைவிட நன்றாக இருந்தது.